கட்டாய ஓய்வுநாள்: கனடாவின் பிக் எம் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

1982 மே 30, ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம், கல்கரி நகரம். பிக் எம் டிரக் மார்ட் (Big M Drug Mart) என்ற கடைக்குள் காவலர்கள் வந்து நின்று வியாபாரத்தைக் கவனித்தார்கள். மளிகைச் சாமான் விற்பனையானது. பிளாஸ்டிக் தம்ளர்கள் விற்பனையாயின. ஒரு சைக்கிள் பூட்டும் விற்பனையானது. எதுவும் திருட்டுப் பொருளோ தடைசெய்யப்பட்ட பொருளோ அல்ல. மறுநாள் திங்கட்கிழமை அதே பூட்டை அதே கடையில் வாங்கியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஞாயிறன்று விற்றதுதான் குற்றம். கர்த்தருடைய நாள் சட்டத்தின் நான்காம் பிரிவின்படி கடை நிறுவனத்தின் மேல் வழக்குப் பதிவானது.

1985 ஏப்ரல் 24 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க வழி செய்த தீர்ப்பு என்றுதான் பலரும் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் வழக்கின் உயிர்நாடியைத் தவறவிடுவோம். ஒரு மதத்தின் கட்டளையைத் தண்டனை காட்டி எல்லார்மேலும் சுமத்தலாமா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவ அரசுத் தரப்பு எடுத்த ஒவ்வொரு வழியையும் அந்தத் தீர்ப்பு அடைத்தது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை வரிவரியாகப் படிப்பது வீண்போகாது என்று நினைக்கிறேன்.

முதலில் சட்டத்தின் பிறப்பைப் பார்த்துவிடலாம். ஞாயிறு ஓய்வை அரசாணையாக்கும் வழக்கம் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணையிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் 1559 முதல் ஞாயிறன்று கோயிலுக்கு வராதவர்களிடம் 12 பென்ஸ் அபராதம் வாங்கினார்கள். இரண்டாம் சார்லஸ் காலத்தில், 1677இல், ஞாயிறன்று தத்தம் வழக்கமான தொழிலைச் செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. குடியேறிகளோடு அதுவும் கடல் தாண்டியது. 'கோயிலுக்கு வா' என்ற கட்டளை காலப்போக்கில் தேய்ந்துபோக, 'வேலை செய்யாதே' என்ற கட்டளை மட்டும் மிஞ்சியது.

கனடாவில் இதற்கு ஒரு தனித் திருப்பம் உண்டு. ஒன்ராறியோ மாகாணம் தனக்கென்று ஒரு ஞாயிறு சட்டம் வைத்திருந்தது. 1903இல், ஹாமில்டன் நகர டிராம் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், அன்று கனடாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதைச் செல்லாது என்றது. அது சொன்ன காரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாமே அதைச் சுற்றித்தான். இப்படிப்பட்ட சட்டம் குற்றவியல் சட்டம், குற்றவியல் சட்டம் இயற்றும் அதிகாரம் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு, மாகாணத்துக்குக் கிடையாது. அவ்வளவுதான். கர்த்தருடைய நாள் கூட்டணி என்ற அமைப்பு, பெரும்பாலும் பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையினரின் முன்முயற்சியில், கூட்டாட்சித் தலைநகர் ஒட்டாவாவை நோக்கித் தன் பிரசாரத்தைத் திருப்பியது. தொழிற்சங்கங்களும் வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைக்குமே என்று ஆதரித்தன. 1906இல் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தால் எதைப் பாதுகாக்க எழுதினார்கள் என்பதில் சந்தேகமே வராது. ஞாயிறன்று விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, கூலிக்கு வேலை வாங்கக் கூடாது. கட்டணம் வசூலித்து விளையாட்டோ நிகழ்ச்சியோ நடத்தக் கூடாது. வெளிநாட்டுச் செய்தித்தாளை விற்கக்கூடக் கூடாது. அவசியத்துக்கும் இரக்கத்துக்குமான வேலைகளுக்கு மட்டும் விலக்கு. 'ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக' என்ற கட்டளையின் சாயல் சட்டம் முழுக்கத் தெரிகிறது. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட யூதர்களுக்கும் ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகளுக்கும் விலக்கு எதுவும் வைக்கவில்லை. தங்கள் மத நாளில் அவர்கள் தாங்களாகவே கடையை மூடினார்கள், மறுநாள் அடுத்தவர் மத நாளுக்காகச் சட்டம் அவர்கள் கடையை மூடவைத்தது. கியூபெக் பகுதி உறுப்பினர்களின் எதிர்ப்பைத் தணிக்க, மாகாணச் சட்டம் வேறுவிதமாக அனுமதித்தால் சரி என்று ஒரு வாசல் திறந்துவிட்டார்கள். மாகாண அரசு வழக்கறிஞர் தலைவரின் அனுமதி இல்லாமல் யார்மேலும் வழக்குத் தொடுக்க முடியாது என்றும் வைத்தார்கள். அதனால் ஓரிடத்தில் கண்டும் காணாமல் விட்டார்கள், இன்னோரிடத்தில் பிடித்தார்கள்.

பிடிபட்ட சிலர் 1963இல் உச்ச நீதிமன்றம் வரை போனதும் உண்டு. ஹாமில்டனில் ஞாயிறன்று பௌலிங் விளையாட்டுக்கூடம் நடத்தியவர்களின் வழக்கு அது. அப்போது இருந்தது 1960ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், அரசியலமைப்பின் பகுதியாக இல்லாத சாதாரணச் சட்டம். பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரிட்சி, இந்தச் சட்டத்தால் பிற மதத்தாருக்கு ஏற்படுவது உலகியல் சார்ந்த, பணம் சார்ந்த இழப்பு மட்டுமே, அவர்களுடைய மத சுதந்திரத்தில் யாரும் கை வைக்கவில்லை என்றார். நீதிபதி கார்ட்ரைட் ஒருவர் மட்டும் மறுத்தார். ஒன்றைச் செய் என்றாலும் செய்யாதே என்றாலும், அந்தக் கட்டளையின் நோக்கம் முழுக்க மதமாக இருந்தால் அது மத சுதந்திரத்தை மீறுவதுதான் என்பது அவர் நிலைப்பாடு. அன்று அவர் தனி ஆள். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் வந்து சேர்ந்த இடம் ஏறக்குறைய அவர் நின்ற இடம்தான்.

இடையில் நடந்த பெரிய மாற்றம், 1982 ஏப்ரல் 17 அன்று நடைமுறைக்கு வந்த உரிமைகள், சுதந்திரங்கள் சாசனம். அதன் 2(அ) பிரிவு மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. சாசனம் அரசியலமைப்பின் பகுதி, அதற்கு முரணான சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது. கல்கரி கடையில் அந்தப் பூட்டு விற்பனையானபோது சாசனத்துக்கு ஆறு வாரமே வயது.

கீழ்நீதிமன்றம் கடையை விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூவர் கடையின் பக்கம், இருவர் அரசின் பக்கம். எதிர்த்து எழுதிய நீதிபதி பெல்சில், நாட்டின் கிறிஸ்தவ மரபின் தடங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்கும் வேலையை நீதிமன்றங்களிடம் ஒப்படைக்க யாரும் சாசனம் எழுதவில்லை என்று கவலைப்பட்டார். அந்தக் கவலையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக ஓய்ந்த நாள் அது. ஆனால் மரபு தானாக உயிரோடு இருப்பதும், தண்டனை பயத்தில் உயிரோடு வைக்கப்படுவதும் ஒன்றல்ல. வழக்கு இரண்டாவதைப் பற்றி மட்டுமே.

உச்ச நீதிமன்றத்தில் அரசு முதலில் எடுத்த ஆயுதம், கேட்டவுடன் நியாயமாகத்தான் தெரியும். பிக் எம் ஒரு நிறுவனம். நிறுவனத்துக்கு ஏது மதம், ஏது மனச்சாட்சி? இல்லாத சுதந்திரத்தை மீறிவிட்டார்கள் என்று அது எப்படிப் புகார் சொல்லலாம்? தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பிரையன் டிக்சன் இந்த வாதத்தைச் சட்டென்று திருப்பிப் போட்டார். கடை தானாக வந்து வழக்குப் போடவில்லை, அரசுதான் அதைக் குற்றவாளிக் கூண்டுக்கு இழுத்து வந்தது. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தின் கீழ் யாரையும், எதையும் தண்டிக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் கிறிஸ்தவரா, யூதரா, முஸ்லிமா, இந்துவா, நாத்திகரா, வெறும் நிறுவனமா என்பது பொருட்டே இல்லை. பார்க்க வேண்டியது சட்டத்தின் தன்மை, பிடிபட்டவரின் தகுதி இல்லை.

இது ஏதோ நடைமுறை நுணுக்கம் என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. இல்லாவிட்டால் இத்தகைய சட்டத்தை எதிர்க்கும் ஒவ்வொருவரும் நீதிமன்றத்தில் தன் பக்தியின் ஆழத்தை நிரூபிக்க வேண்டியிருக்கும். 'நீ உண்மையிலேயே நம்புகிறாயா?' என்று அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். மத சுதந்திரத்தைக் காப்பாற்றப் போன இடத்தில் மத விசாரணை நடக்கும்.

அடுத்த ஆயுதம்தான் அரசின் முழு பலமும். 1906இல் எந்த நோக்கத்தில் எழுதினால் என்ன, இன்று ஞாயிறு உழைப்பவனுக்கு ஓய்வு நாள், குடும்பம் ஒன்றுகூடும் நாள், மதத்தின் சாயம் எப்போதோ வெளுத்துவிட்டது என்பது வாதம். இதற்கு அமெரிக்காவிலிருந்து வலுவான முன்னுதாரணமும் கையில் இருந்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961இல் இதே கேள்வியைச் சந்தித்திருந்தது. மேரிலாந்து மாநிலத்தின் ஆன் அருண்டெல் மாவட்டத்தில் ஒரு பெரிய கடையின் ஊழியர்கள் ஞாயிறன்று ஒரு ஃபைல், தரைக்குப் பூசும் மெழுகு ஒரு டப்பா, ஸ்டேப்ளர், அதற்கான பின்கள், ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் ஆகியவற்றை விற்றதற்காக அபராதம் கட்டினார்கள். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசு மதம் நிறுவுவதை வெளிப்படையாகவே தடுக்கிறது. திருச்சபைக்கும் அரசுக்கும் நடுவே பிரிவினைச் சுவர் என்று அதிபர் ஜெஃபர்சன் 1802இல் எழுதியதும் அதைப் பற்றித்தான். இத்தனையும் இருந்தும், தலைமை நீதிபதி வாரன் தலைமையிலான நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. தொடக்கம் மதம்தான், ஆனால் இப்போது நோக்கம் பொது ஓய்வு என்றது. மறுத்தவர் டக்ளஸ் ஒருவர்தான். அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பில், வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை கடை அடைக்கும் பிலடெல்பியாவின் யூத வியாபாரிகளும் தோற்றார்கள். பிழைப்பா, மதமா என்று ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடூரம் என்று நீதிபதி ஸ்டுவர்ட் எழுதினார். அவர் எழுதியது சிறுபான்மைத் தீர்ப்பு.

டிக்சன் இந்த அமெரிக்க வழியை நன்கு அலசிவிட்டு, வேண்டாம் என்றார். ஒரு சட்டத்தின் நோக்கம் என்பது அதை எழுதி நிறைவேற்றியவர்கள் அன்று கொண்டிருந்த நோக்கம். காலத்துக்கேற்ப அது தானாக மாறிக்கொள்ளாது. மாறும் என்று ஒப்புக்கொண்டால் எந்தச் சட்டமும் எந்தத் தீர்ப்பும் நிலையாக நிற்காது. நேற்று செல்லாதது இன்று செல்லும், நாளைக்கு மீண்டும் செல்லாது. ஒரே சட்டத்தை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப எடைபோட வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் 1903ஆம் ஆண்டுத் தீர்ப்பு திரும்பி வருகிறது. தீர்ப்பின் மிக அழகான பகுதி இதுதான் என்பேன். நோக்கம் தொழிலாளியின் ஓய்வு என்று அரசு சொல்கிறதா? சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வேலை நேரம், கடை நேரம், ஓய்வு எல்லாம் சொத்து, குடியியல் உரிமைகள் என்ற தலைப்பின் கீழ் மாகாணங்களின் அதிகாரத்தில் வருபவை. கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு அதில் வேலையே இல்லை, ஆகவே சட்டம் செல்லாது. இல்லை, ஞாயிறின் புனிதத்தைக் காக்கும் குற்றவியல் சட்டம்தான் என்கிறதா? அப்போது இயற்றும் அதிகாரம் இருக்கிறது, ஆனால் சாசனத்தின் 2(அ) பிரிவு குறுக்கே நிற்கிறது. எண்பது ஆண்டுகள் சட்டத்தைத் தாங்கி நின்ற மத நோக்கமே இப்போது அதைக் கவிழ்த்தது. இரண்டில் எந்தப் பக்கம் போனாலும் அரசுக்கு வழி இல்லை.

நோக்கம் மதக் கட்டாயம் என்று முடிவானபிறகு, சுதந்திரம் என்றால் என்ன என்று டிக்சன் எழுதியது கனடாவில் சட்டம் படிப்பவர்கள் எல்லாரும் படிக்கும் பகுதி. கட்டாயமோ தடையோ இல்லாதிருப்பதே சுதந்திரத்தின் முதல் அடையாளம் என்கிறார். தான் தேர்ந்திருக்க மாட்டாத ஒரு செயலுக்கோ செயலின்மைக்கோ அரசு ஒருவரைத் தள்ளினால், அவர் உண்மையில் சுதந்திரமானவர் அல்ல. செயலின்மையையும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். யாரையும் மண்டியிடச் சொல்லவில்லையே, சும்மா இருக்கத்தானே சொன்னோம் என்ற சமாதானம் அத்தோடு செத்தது. அடுத்தவர் வழிபாட்டுக்காக நீ சும்மா இரு என்பதும் அந்த வழிபாட்டில் பங்கெடுக்கவைப்பதுதான். பெரும்பான்மை மதத்தாருக்கு நல்லதாகவும் உண்மையாகவும் தோன்றுவதை, மதக் காரணத்துக்காக, மாறான எண்ணம் கொண்ட குடிமக்கள்மேல் சுமத்தக் கூடாது என்றார். இந்தச் சட்டம் இருக்கும்வரை கிறிஸ்தவரல்லாதவர் தன் நாட்டிலேயே விருந்தாளிபோல நடத்தப்படுகிறார் என்ற ஆதங்கம் அந்தப் பக்கங்களில் ஓடுகிறது. பன்முகப் பண்பாட்டைப் பேணச் சொல்லும் 27ஆம் பிரிவையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

நீதிபதி பெர்த்தா வில்சனும் அதே முடிவுக்குத்தான் வந்தார். ஆனால் சட்டத்தின் நோக்கத்தைவிட மக்கள்மேல் அதன் விளைவுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று தனியாக எழுதினார்.

கனடாவின் அரசியலமைப்பில் திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் வாசகம் எதுவும் இல்லை. சாசனத்தின் முகவுரையே இறைவனின் மேலாண்மையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அமெரிக்காவைப்போல் அந்த வாசகம் இல்லாததால் அரசு ஞாயிறைப் புனிதப்படுத்தலாம் என்ற வாதமும் வந்தது. வாசகம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து மத சுதந்திரத்தை அளக்க முடியாது என்று டிக்சன் ஒதுக்கித் தள்ளினார். சுவர் எழுதிவைத்த நாட்டில் ஞாயிறு சட்டம் பிழைத்தது, சுவரே இல்லாத நாட்டில் விழுந்தது. பிரிவினை, பிரிவினை என்று கோஷமாக மட்டும் பேசுகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாசகத்தைவிட, 'இந்தச் சட்டம் ஏன் பிறந்தது?' என்று விடாமல் கேட்கும் நீதிபதி அங்கே அதிகம் சாதித்திருக்கிறார்.

அப்புறம் கதை நேர்கோட்டில் போகவில்லை. மறு ஆண்டே, 1986 டிசம்பரில், ஒன்ராறியோவின் சில்லறை வியாபார விடுமுறைச் சட்டம் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. எட்வர்ட்ஸ் புக்ஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். இதுவும் ஞாயிறன்று கடையை மூடச் சொன்ன சட்டம்தான், ஆனால் மாகாணச் சட்டம், கடை ஊழியர்களுக்குப் பொதுவான ஓய்வு நாள் வேண்டும் என்று எழுதப்பட்டது. சனிக்கிழமை மூடும் சிறு கடைகள் ஞாயிறன்று திறக்கலாம், ஏழு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, பரப்பு 5,000 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். சனிக்கிழமை ஓய்வு கொள்பவர்களின் மத சுதந்திரத்தை இந்தச் சட்டம் பாதிக்கிறது என்று டிக்சன் ஒப்புக்கொண்டார். இருந்தும் அது சாசனம் அனுமதிக்கும் நியாயமான வரம்பு என்று சட்டத்தை நிற்கவைத்தார். உண்மையான நம்பிக்கையால் சனிக்கிழமை மூடுகிறவருக்குக் கடை பெரிதாக இருந்தாலும் விலக்கு வேண்டும் என்றார் வில்சன்.

இதில் நான் வில்சன் பக்கம். கடைத் தொழிலாளிக்கு ஒரு பொது ஓய்வு நாள் என்பது நல்ல நோக்கம், அதை மறுக்க மனம் வரவில்லை. ஆனால் எட்டாவது ஆளை வேலைக்கு வைத்ததும் ஒருவருடைய மனச்சாட்சியின் மதிப்பு குறைந்துவிடுமா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூட வேண்டிய சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், 1906இல் விழுந்த அதே தலைகள்தான்.

பள்ளிகளிலும் மன்றங்களிலும் பிக் எம் தீர்ப்பு இன்னும் ஆழமாக வேலை செய்தது. ஒன்ராறியோவின் சட்பரி பகுதிப் பள்ளிகள் கர்த்தரின் ஜெபத்தோடு நாளைத் தொடங்கின. விருப்பமில்லாத பிள்ளைக்குப் பெற்றோர் விலக்கு கேட்கலாம் என்று விதி இருந்தது. 1988இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. வகுப்பே எழுந்து நிற்கும்போது ஒரு பிள்ளை மட்டும் வெளியே போவது சுதந்திரத் தேர்வு ஆகாது, சக பிள்ளைகள் கண் முன்னால் தனித்து நிற்க வேண்டும் என்பதே அழுத்தம் என்றது.

கியூபெக்கின் சகனே நகர மன்றத்தில் மேயர் ஒலிவாங்கி முன் சிலுவை அடையாளம் வரைந்து ஜெபம் சொல்லிக் கூட்டத்தைத் தொடங்குவார். எதிர்ப்பு வந்ததும் 2008இல் ஒரு விதி போட்டார்கள். ஜெபம் முடிந்தபின் இரண்டு நிமிடம் கழித்துத்தான் கூட்டம் தொடங்கும், வேண்டாதவர்கள் அதற்குள் வந்து உட்காரலாம். 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டு நிமிடம் பிரச்சினையைத் தீர்க்கவில்லை, பெரிதாக்கியது என்றது. ஊரார் முன்னால் தாமதமாக உள்ளே வரும் ஒவ்வொருவரும் தன் நம்பிக்கையைச் சொல்லாமல் சொல்ல வேண்டியதாயிற்று. ஜெபம் சொல்லாமல் இருப்பதால் அரசு நாத்திகத்துக்குத் துணைபோவதாக ஆகாது என்றும் தெளிவாக்கியது. புகார் கொடுத்தவருக்கு 30,000 டாலர் இழப்பீடு. முகவுரையில் இறைவன் பெயர் இருக்கிறதே என்ற வாதம் அங்கும் எடுபடவில்லை.

பிக் எம் தீர்ப்பு எட்டாத இடமும் ஒன்று இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பேரத்தில் ஒன்ராறியோவின் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குத் தனி உரிமை தரப்பட்டது, சாசனத்தின் 29ஆம் பிரிவு அதை அப்படியே பாதுகாக்கிறது. யூதப் பள்ளிக்கும் வேறு கிறிஸ்தவப் பள்ளிக்கும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் தங்களுக்கும் அரசுப் பணம் வேண்டும் என்று கேட்டு 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஒரு தந்தை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் போனார். ஒரு மதத்தின் பள்ளிக்கு மட்டும் பணம் தருவது பாகுபாடு என்று 1999இல் அந்தக் குழு சொன்னது. கியூபெக் 1997இலேயே தன் பங்குக்கு அரசியலமைப்பைத் திருத்தி இதிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஒன்ராறியோ இன்றுவரை கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மட்டும் முழு நிதி தருகிறது. மற்ற மதப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பள்ளிக் கட்டணத்தையும் கட்டி, அந்த நிதிக்கான வரியையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.